ஓட்டையையும் சேர்த்துத் திருடியவன்

அத்தியாயம் 4

துப்பறிவாளர் கழுகு தொட்டில் தொழிற்சாலைக்குள் கால் வைத்தபோது கேஸ் முடிந்துபோயிருந்தது. திருடன் ஒப்புக்கொண்டுவிட்டான். திருட்டுப் பொருள் திரும்பி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குப் போன் போய்விட்டது. ஒரு துப்பறிவாளரை இதைவிடக் கேவலப்படுத்த யாராலும் திட்டம் போட்டுக்கூட முடியாது.

கழுகு என்பது அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர். விசிட்டிங் கார்டில் அச்சாகியிருக்கிறது. உதவியாளர் மட்டும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. காரணம், உதவியாளர் அவருடைய கூடப்பிறந்த அக்கா. கழுகு சின்ன வயதில் கட்டெறும்பைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு மேஜைமேல் ஏறியதற்கு நேரடி சாட்சி. அப்படிப்பட்ட சாட்சியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கம்பீரமாகத் துப்பறிவது எத்தனை கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"முடிஞ்ச கேஸுக்கு எதுக்குடா நிக்கிறே? கெளம்பு. துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன், வானம் வேற மூடுது" என்றாள் அக்கா.

கிளம்பியிருப்பார்கள். ஆனால் வரவேற்பறையில், நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்க, ஒரு பெரிய பெட்டியின்மேல் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் மனைவி. திருடனின் அக்கா. இரண்டு உத்தியோகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்று அன்று காலைதான் அவள் முடிவு செய்திருந்தாள். தம்பியை ஜீப்பில் ஏற்றினால் அந்த ஜீப்பின் பின்னாலேயே தானும் கிளம்பிவிடுவதாகவும், அதன்பிறகு கணவர் வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை என்றும், பெட்டியில் இருப்பது மாற்றுத்துணி அல்ல, மொத்தத் துணி என்றும் நிதானமாகச் சொன்னாள்.

"என் தம்பிக்குத் திருட வராதுங்க. சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடுவோம். கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு, 'நான் கட்டிலுக்கு அடியில இல்லக்கா'ன்னு அவனே கத்துவான்."

கழுகு அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, நனையுற துணி நனையட்டும்" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் தானாக ஆடும் தொட்டில் செய்கிறார்கள். குழந்தை அழுதால் தொட்டிலில் உள்ள மைக் கேட்கும், அடியில் உள்ள மோட்டார் ஆட்டும். நடுவில் ஒரு போர்டு உட்கார்ந்து இரண்டையும் மேய்க்கும். தொட்டிலின் பக்கவாட்டில் ஒரு குட்டித் திரை. ஒரே ஒரு வரிதான் அதில் தெரியும். கரண்ட் கொடுத்ததும் தொட்டில் தன் கைகால்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கும். முதலில் எது பதில் சொல்லவில்லையோ அதன் பெயரைத் திரையில் போட்டுவிட்டு, அதற்குமேல் கூப்பிடாமல், இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கிவிடும்.

முதலாளிக்குக் கண்ணாடி மாற்றிய புதிது. இத்தனை நாளாக அழகுக்கு மினுக்குகிறது என்று நினைத்திருந்த திரையை அன்றுதான் படித்தார். 'இரண்டாவது மோட்டார் பதிலளிக்கவில்லை.' அடுத்த தொட்டில். அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி. திருப்பிப் போட்டுத் திறந்து பார்த்தார். எல்லாத் தொட்டிலிலும் ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது.

ஸ்டோர் ரூம் சாவி மச்சானிடம் இருந்தது. மச்சானைப் பற்றி முதலாளிக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. சாவியும் அபிப்பிராயமும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் விசாரணை சீக்கிரம் முடிந்தது.

*

ஸ்டோர் ரூமில் மச்சான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஸ்டோர்கீப்பர் என்றால் ஒரு மிடுக்கு வேண்டும். இவன் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருந்தான். காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மோட்டார்கள்.

"எல்லாம் நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் திருப்பி வெச்சிட்டேன்" என்றான், இவர்கள் உட்காருவதற்குள்.

எப்படி எடுத்தான் என்று கழுகு கேட்டார். கையால் என்றான். எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்றதற்கு, எங்கே வைத்திருந்தால் உங்களுக்கு வசதி என்று கேட்டான். காரணத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்து, பேராசை என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாக மாமா சொன்னாராம். ஒப்புக்கொண்டதும், ஒப்புக்கொண்டவனை எப்படி விடுவது என்று போலீசுக்குப் போன் போட்டுவிட்டாராம். மாமா மேல் அவனுக்குக் கோபமில்லை. அவர் சுபாவம் அப்படி.

கழுகு கூடையிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்துப் பார்த்தார். அதன் பாதத்தில், திருகாணி போடும் ஓட்டையைச் சுற்றி, ரோஸ் கலர் பெயின்ட் வளையமாக ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா?" என்று வாசலில் ஒரு குரல் இடித்தது. முதலாளி. அவருக்குச் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவில் நாய் எழுந்துகொள்ளும். "ரோஸ் பெயின்ட். இந்த வட்டாரத்துல ரோஸ் பெயின்ட் அடிக்கிற ஒரே கம்பெனி நான்தான். என் தொட்டில்லேருந்து கழட்டின மோட்டார்தான்னு மோட்டாரே சாட்சி சொல்லுது. உங்களை வரச் சொன்னதுக்கு மன்னிக்கணும், டீ சாப்பிட்டுப் போங்க."

அது நல்ல சாட்சிதான். கழுகுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இறங்கிப்போயிற்று. இருந்தாலும், எதையாவது பார்க்காமல் போனால் கார்டில் அச்சடித்த பெயருக்கு மரியாதை இல்லை என்பதால், ஒரு தொட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார்.

அடியில் மூன்று விஷயம் இருந்தது. நடுவில் போர்டு. அதன் இடப்பக்கம் முதல் மோட்டார், நான்கு திருகாணியில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. போர்டின் வலப்பக்க விளிம்பில் ஒரு காலி சாக்கெட், வாய் திறந்தபடி. முதலாளி அந்த வாயைச் சுட்டிக்காட்டி, இங்கேதான் இரண்டாவது மோட்டாரின் ஒயர் சொருகியிருந்தது, பாருங்கள், குழந்தை பால் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

கழுகு சாக்கெட்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த மரப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். வழவழவென்று இருந்தது. ரோஸ் பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது.

"ரெண்டாவது மோட்டார் எதுமேல நின்னுச்சு?"

"பலகைமேலதான்."

"எதைப் பிடிச்சுக்கிட்டு?"

முதலாளி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"திருகாணி ஓட்டை இல்லையே, சார்" என்றாள் அக்கா. "உங்க மச்சான் பெரிய கை. மோட்டாரோட சேர்த்து ஓட்டையையும் எடுத்துட்டுப் போயிருக்கார்."

மச்சான் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "ஓட்டையும் நான்தான்" என்றான்.

*

முதலாளி அசருகிற ஆளில்லை. ஓட்டையாவது மண்ணாவது, திருடியவனே திருடினேன் என்கிறான், திருட்டுப் பொருளைப் பொருத்திக் காட்டுகிறேன் பாருங்கள் என்று ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே கண்ணாடி ஜன்னலோரம் ஒரு மாதிரித் தொட்டில். உள்ளே ரப்பர் பொம்மை ஒன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. கூடையிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்து, ஓட்டை இல்லாததால் நைலான் கயிற்றால் கட்டி, ஒயரைக் காலி சாக்கெட்டில் சொருகினார். சுவிட்சைப் போட்டார்.

திரை கொஞ்சம் யோசித்தது. இரண்டாவது மோட்டாரைப் பற்றிய புகார் மறைந்தது.

"எப்படி?" என்றார் முதலாளி.

அப்போது திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. 'தண்ணீர்ப் பம்ப் பதிலளிக்கவில்லை.'

அந்த வரியை எல்லாரும் இரண்டு தடவை படித்தார்கள். பிறகு முதலாளி மச்சான் பக்கம் திரும்பி, அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து கேட்டிராத ஒரு சத்தத்தில், "பம்பையுமாடா!" என்றார்.

தொட்டில் ஒரு துள்ளு துள்ளியது. சும்மா ஆட்டமில்லை, முரட்டுக் காளை கயிற்றை அறுக்கிற துள்ளல். ரப்பர் பொம்மை எகிறி, ஷோரூமைக் கடந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா மடியில் வந்து விழுந்தது. கழுகு எப்போது அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போனார் என்பதை யாரும் பார்க்கவில்லை. அவரே பார்க்கவில்லை.

"கட்டெறும்பு இல்லடா, தொட்டில்தான். வா முன்னாடி" என்றாள் அக்கா, பொம்மையைத் தட்டிக்கொடுத்தபடி.

மச்சான் இதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான். "பம்பும் நான்தான் மாமா. நாளைக்குக் கொண்டுவந்து வெச்சிடறேன்."

பம்ப் எப்படி இருக்கும் என்று கேட்டார் கழுகு, நாற்காலிக்குப் பின்னாலிருந்தே. மச்சான் கைகளை விரித்தான், குறுக்கினான், மறுபடி விரித்தான். "கறுப்பா இருக்கும். ரொம்பப் பெருசா இல்லாம... குழந்தைங்க பயப்படாத மாதிரி."

குழந்தைத் தொட்டிலில் தண்ணீர்ப் பம்ப் எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் கழுகுக்கு உறைத்தது. அக்காவுக்கு முன்னமே உறைத்துவிட்டது. தம்பிக்கு உறைக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"போர்டைப் பாத்துக்கிறது யாரு?"

*

ஷோரூமுக்கு வரவழைக்கப்பட்ட போர்டு இன்ஜினியர் ஒரு தனிப் பிறவி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததற்கு, கட்டடம் தீப்பிடித்தாலும் வாய் திறக்கமாட்டார். 'எப்படி இருக்கீங்க' என்று யாராவது கேட்டால் 'எதுல?' என்பார். இவ்வளவு பெரிய திருட்டு விசாரணை நடந்தும் அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் நிம்மதியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனக்கு ரெண்டாவது மோட்டார் இருக்குன்னு தொட்டிலுக்கு யார் சொன்னது?"

"ட்ரீ."

அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அங்கே மரம் எதுவும் இல்லை.

இன்ஜினியரைக் கேள்விகேட்டுக் கறந்ததில் வந்தது இதுதான். போர்டுக்குத் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று தானாகத் தெரியாது. கண் விழித்ததும் ஒரு விவரக்குறிப்பைப் படிக்கும். அதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். உனக்கு இத்தனை மோட்டார், மைக் என்கிற காது இந்த இடத்தில், இன்ன மோட்டாருக்கு அதை ஓட்டுகிற இன்ன ஃபர்ம்வேர் நிரலை ஊட்டு என்று கிளை கிளையாக அதில் எழுதியிருக்கும். அதில் இருந்தால் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிற பழக்கமெல்லாம் போர்டுக்குக் கிடையாது.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. ஃபிரிட்ஜைத் திறக்காமலே பால் இருக்குன்னு சொல்லுவார்" என்றாள் அக்கா.

"அதை எழுதினது யாரு?" என்றார் கழுகு.

"நான்."

"யோசிச்சு எழுதினீங்களா?"

"இல்லை. காப்பி. போர்டு ஏற்கெனவே வேற ஒரு வேலை பார்த்தது. மிச்சமாயிடுச்சுன்னு நாம வாங்கினோம். அதோட ட்ரீயை எடுத்து, காதை மட்டும் சேர்த்தேன்."

"மத்ததை அழிக்கலையா?"

"அழிக்கச் சொல்லலை."

கழுகுக்கு முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. துப்புக் கிடைக்கும்போது வருகிற சிலிர்ப்பு. கட்டெறும்பு சிலிர்ப்பு வேறு. முந்தைய வேலை என்னவென்று நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு எதற்குத் துப்பறிவாளர்? தொட்டில் வாயாலேயே வரவழைக்கிறேன் என்றார். பம்ப் என்ற கிளைக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். இன்ஜினியர் எழுதினார். தொட்டில் அணைந்து எழுந்தது.

'சோப்புத் தொட்டி காலி.'

மச்சான் வாயைத் திறந்தான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சோப்பையும் இல்லை என்று எழுதச் சொன்னார் கழுகு. தொட்டில் மறுபடி எழுந்தது. இந்த முறை யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக ஒரு வேண்டுகோள் வைத்தது.

'வண்டியின் கண்ணாடிகளை ஏற்றவும்.'

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். படித்தார். "என்ன வண்டி?" என்றார் பலவீனமாக.

"கார்" என்றார் இன்ஜினியர். "முந்தி இந்தப் போர்டு கார் கழுவுற இடத்துல இருந்தது. முதல் மோட்டார் இடப்பக்கத்து பிரஷ். ரெண்டாவது வலப்பக்கத்து பிரஷ்."

"அப்ப என் தொட்டில்..."

"தன்னை கார் கழுவுற மெஷின்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

தொட்டில் காளை மாதிரி துள்ளியதற்கும் காரணம் இருந்தது. காதில் விழுகிற சத்தத்தைச் சுமந்துபோக போர்டில் டி.எம்.ஏ என்று ஒரு சுமைகூலி இருக்கிறான். யாரையும் கேட்கமாட்டான், அனுமதி வாங்கமாட்டான். ட்ரீயில் எந்த வாசல் எண் போட்டிருக்கிறதோ அந்த வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். காதுக்குப் போட்ட எண்ணும் வலது பிரஷுக்குப் போட்டிருந்த எண்ணும் ஒன்று. பிரஷ் இல்லாத வரைக்கும் தகராறு இல்லை. மோட்டாரைச் சொருகியதும், கேட்கிற சத்தமெல்லாம் நேராக மோட்டாரில் போய் இறங்குகிறது.

"ஆக, சத்தம் போட்டா ஆடும்" என்றார் கழுகு.

"எவ்வளவு சத்தமோ அவ்வளவு ஆட்டம்."

இப்போது எல்லாரும் கிசுகிசுவென்று பேசத் தொடங்கினார்கள். கழுகு தொண்டையைச் செருமாமல், மெதுவாக, ஆனால் கம்பீரமாகத் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது மோட்டார் என்று ஒன்று இந்தத் தொழிற்சாலையில் என்றைக்குமே இருந்ததில்லை. இல்லாததை யாரும் திருட முடியாது. மச்சான் நிரபராதி.

முதலாளி தலை குனிந்தார். ஒரு நிமிஷம் கேஸ் அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. பிறகு அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணில் ஓர் ஒளி.

"சரிங்க. இல்லாத மோட்டாரை அவன் எடுக்கலை. ஒத்துக்கிறேன்" என்று கிசுகிசுத்தார். "அப்ப கூடை நிறைய இவன் திருப்பிக் கொடுத்தது என்ன?"

*

கழுகு தீர்ப்புச் சொன்ன கம்பீரம் முகத்திலிருந்து வழிவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பெட்டியை இழுத்துக்கொண்டு, முதலாளியம்மாவும் வந்தாள். பெட்டிச் சத்தத்துக்கு மாதிரித் தொட்டில் ஆட, சத்தம் போட்டால் அது ஆடும் என்று கழுகின் அக்கா கிசுகிசுத்ததைக் கேட்டுக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள். பெட்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தாள்.

கழுகு கூடையைப் பார்த்தார். மோட்டாரின் பாதத்தில் ரோஸ் வளையம். திருகாணி ஓட்டையைச் சுற்றி. ஓட்டையே இல்லாத இடத்தில் திருகாணி போட்டிருக்க முடியாது. ஆனால் இந்த மோட்டார் ரோஸ் பலகையில்தான் திருகப்பட்டிருந்தது. அப்படியென்றால்...

"கிடங்குல, பெட்டி கட்டி வெச்ச தொட்டில் ஒண்ணை எடுத்துட்டு வாங்க."

வந்தது. சுவிட்சைப் போட்டார்கள். திரையில் வரி ஓடியது.

'முதல் மோட்டார் பதிலளிக்கவில்லை.'

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அக்காவை மட்டும் பார்த்தான்.

"திருப்பிக் கொடுத்தாத்தான் விடுவேன்னாரு மாமா. என்கிட்ட இருந்தாத்தானேக்கா கொடுக்க? கிடங்குல இருந்த தொட்டில்லேருந்து ஒண்ணொண்ணா கழட்டிக் கொடுத்தேன். திருடாததைக் கொடுக்கிறதுக்காகத் திருட வேண்டியதாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். என்ன திருட்டு என்று கேட்டார். இல்லாத மோட்டார் என்றார்கள். எங்கிருந்து என்றதற்கு எங்கிருந்தும் இல்லை என்றார்கள். இப்போது எங்கே என்று கேட்டார். கூடையில், ஆனால் அது இது இல்லை, இது இங்கேயே இருந்தது என்றார்கள். பொருள் கட்டடத்தை விட்டு வெளியே போனதா என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். திருடியதும் போகவில்லை, திருடாததும் போகவில்லை என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல், ஜீப்பை நோக்கி நடந்தார். நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

முதலாளியம்மா பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏங்க."

"ம்."

"என் தம்பியைத் திருடன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

முதலாளி மச்சான் பக்கம் பாதி திரும்பினார். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் என்னவோ முனகினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பேசியது பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கவில்லை.

முதலாளியம்மா தொட்டிலைப் பார்த்தாள். ஜன்னலோரத்து மாதிரித் தொட்டில் அசையாமல் நின்றது.

"தொட்டிலுக்கே கேக்கலை" என்றாள்.

முதலாளி இன்னொரு தடவை சொன்னார். தொட்டில் ஒரு நூல் அசைந்த மாதிரி இருந்தது, பிரமையாகவும் இருக்கலாம். அவள் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தாள்.

"மன்னிச்சுக்கோ மச்சான்" என்றார் மூன்றாவது தடவை. தொட்டில் இடமும் வலமும் மெல்ல ஆடியது.

"ரெண்டாவது மோட்டாரும் நீ எடுக்கலை, ஓட்டையும் நீ எடுக்கலை. நான்தான் தப்பு." ஆட்டம் கூடியது. அக்கா ரப்பர் பொம்மையை உள்ளே படுக்க வைத்தாள். தொட்டில் அதைத் தாலாட்டியது, நல்ல அழகான வீச்சில், எந்தத் தாயும் குறை சொல்ல முடியாத வீச்சில். இந்த ஜன்மத்துக்குப் புத்தி வந்தது என்றும், இனி எதையும் படித்தவுடன் நம்பப்போவதில்லை என்றும், கண்ணாடியையே போடப்போவதில்லை என்றும் முதலாளி சொல்லிக்கொண்டே போனார்.

"போதும் மாமா, பொம்மை எகிறிடும்" என்றான் மச்சான்.

முதலாளி நிறுத்தினார். தொட்டிலும் நின்றது. திரையில் ஒரு வரி மின்னி மின்னி வந்தது. அக்காதான் அதை எல்லாருக்கும் கேட்கும்படி, அதே சமயம் தொட்டிலுக்குக் கேட்காதபடி, படித்துச் சொன்னாள்.

'கழுவி முடிந்தது. வண்டியை எடுத்துச் செல்லவும்.'

முதலாளியம்மா எழுந்தாள். கணவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"கெளம்புங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.